45 நிமிடம் என்று எழுதிய ஒரு வரி: கோத்தகிரியிலிருந்து பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பள்ளித் தாளாளருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

கோத்தகிரியில் நடத்திவரும் உங்கள் பள்ளியின் சின்னப் பிள்ளைகள் பிரிவை வருகிற ஜூனோடு மூடிவிட்டு, எல்கேஜி முதல் இரண்டாம் வகுப்பு வரை எல்லாரையும் ஊட்டி வளாகத்துக்கு மாற்றப்போவதாகச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். என் மகள் யூகேஜி முடித்து ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவள். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் உங்கள் தரப்பு பேசி முடித்ததும் கூட்டமே முடிந்துவிட்டதால், சொல்ல வேண்டியதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சுற்றறிக்கையில் ஸ்மார்ட் வகுப்பறை, புது மைதானம், ரோபோட்டிக்ஸ் கூடம் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. பயணத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: பேருந்து வசதி உண்டு, பயண நேரம் ஏறத்தாழ 45 நிமிடம்.

கோத்தகிரியிலிருந்து ஊட்டி கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், காலி ரோட்டில், காரில் போனால்கூட இங்குள்ள டாக்சிக்காரர்கள் ஒரு மணி நேரம் என்றுதான் சொல்வார்கள். பள்ளிப் பேருந்து அப்படிப் போவதில்லை. முதலில் ஹட்டி ஹட்டியாக (படுகர் ஊர்களை இங்கே ஹட்டி என்போம்) உள்ளே புகுந்து, எஸ்டேட் கேட்டுகளில் நின்று, பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். அப்புறம்தான் கட்டபெட்டு, அதன் பிறகு தொட்டபெட்டா ஜங்ஷன் வரை ஏற்றம், அங்கிருந்து ஊட்டிக்கு இறக்கம். ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் 'பிள்ளைகள் பழகட்டும்' என்று யூகேஜிக்காரர்களை நீங்களே அங்கே கூட்டிப்போனீர்கள் அல்லவா? அப்போது எங்கள் நிறுத்தத்துக்குப் பேருந்து வந்தது காலை 6.40-க்கு. வளாகத்தில் இறங்கியபோது 8.20. சாயங்காலம் வீடு வந்து சேர ஐந்தரை. பேருந்தில் ஜிபிஎஸ் இருக்கிறது. 45 நிமிடம் என்று எழுதியவர் அந்தப் பதிவை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம்.

நாங்கள் ஏன் உங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு மூன்று வயதானபோது எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. நடந்து போகிற தூரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. குன்னூர்ப் பக்கம் பெயர் பெற்ற ஒரு பெரிய பள்ளி. கோத்தகிரியில் நீங்கள். பெரிய பள்ளியில் இடம் கிடைத்தது, பணமும் எப்படியோ புரட்டியிருப்போம். பேருந்து நேரத்தைக் கேட்டதும் என் மாமியார்தான் 'பால் பல்லு விழாத குழந்தையை விடியுமுன்னே அனுப்பணுமா' என்று கேட்டார். உங்கள் பள்ளி வேனில் இருபது நிமிடம். அதனால்தான் வந்தோம். உங்கள் தேர்ச்சி விகிதமோ சுவரில் இருக்கும் கோப்பைகளோ எங்களை இழுக்கவில்லை. என்னோடு பேசிய பெற்றோரில் பாதிப் பேர் இதையே சொல்கிறார்கள். பக்கத்தில் இருப்பதுதான் எங்களுக்கு நீங்கள் விற்ற முதல் வசதி. அதை எடுத்துவிட்டு, பதிலுக்கு ரோபோட்டிக்ஸ் கூடத்தைக் காட்டுகிறீர்கள்.

இனி அந்த வாரங்களில் நான் பார்த்தது.

மகளின் தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வர ஆரம்பித்தது. ஊட்டிக் குளிரில் தாகம் எடுக்கவில்லை போல என்று முதலில் நினைத்தேன். வகுப்பு மிஸ்ஸும் குறிப்பேட்டில் 'தண்ணீர் குடிப்பதில்லை, கவனிக்கவும்' என்று எழுதி அனுப்பினார். அப்புறம் வீட்டிலேயே காலைப் பாலை வேண்டாம் என்று தள்ள ஆரம்பித்தாள். மெதுவாகக் கேட்டபோதுதான் சொன்னாள்: 'பஸ்ல உச்சா வந்தா நிறுத்த மாட்டாங்கம்மா. அதான் குடிக்கல.' ஐந்து வயதுப் பிள்ளை தானே கணக்குப் போட்டு, காலையில் எழுந்ததிலிருந்து பேருந்து விட்டு இறங்கும்வரை வாயை உலர்த்திக்கொண்டு இருந்திருக்கிறாள். திரும்பி வரும் பயணத்துக்காக மத்தியானமும் அப்படியே. அவள் வகுப்பில் ஒரு பையன் ஒருநாள் சீட்டிலேயே உச்சா போய்விட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் அவன் பேருந்தில் ஏறவே மாட்டேன் என்று ஹட்டி கேட்கக் கத்தினான். குளிரில் சிறுநீர் அடிக்கடி வரும், சின்னக் குழந்தையால் அடக்க முடியாது, அடக்கிப் பழகினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் என்று வரிசையாக வரும். எந்தக் குழந்தை மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். உங்கள் பாதையில் ஒரு மணி நாற்பது நிமிடப் பயணத்துக்கு நடுவே கழிப்பறைக்கென்று ஒரு நிறுத்தம் கிடையாது.

இதைக் கூட்டத்தில் ஒரு தாய் கேட்டபோது மேடையிலிருந்து வந்த பதில்: 'டயப்பர் போட்டு அனுப்பலாமே.' அதைச் சொன்னவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு டயப்பர் என்பது உங்கள் அதிகாரபூர்வ நிலைப்பாடா என்று மட்டும் தெரிய வேண்டும்.

அடுத்தது வாந்தி. மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு வளைவு ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை சமவெளிக்காரர்களிடம் உண்டு. அப்படியெல்லாம் இல்லை. உடம்பு திரும்புவதைக் காதின் உள்பகுதி உணர்கிறது. கண்ணோ முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு, எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டும் முரண்படும்போது குமட்டல் வருகிறது. பள்ளி வயதில்தான் இந்தத் தொல்லை அதிகம். ஜன்னல் உயரத்துக்கு எட்டாத பிள்ளைக்கு வெளியே பார்க்கவும் வழியில்லை. கட்டபெட்டு தாண்டுவதற்குள் ஒரு பிள்ளை எடுக்கும். குளிருக்கு ஜன்னலை மூடியிருப்பதால் அந்த வாடையிலேயே அடுத்த பிள்ளையும் எடுக்கும். திறந்தால் ஊட்டிக் காற்று முகத்தில் அறையும். ஆயாம்மா ஒருவர்தான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பக்கெட்டோடு வளைவில் தள்ளாடுகிறார். அவர் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு ஆளால் முடிகிற வேலையா அது?

இதற்குச் சுற்றறிக்கை வைத்திருக்கும் தீர்வு, பேருந்தில் டிவி. பயண நேரத்தில் ரைம்ஸும் பாடமும் ஓடுமாம், நேரம் வீணாகாதாம். வளைவில் போகும்போது திரையையோ புத்தகத்தையோ பார்த்தால் குமட்டல் கூடும். தொலைவில் இருக்கும் மலையைப் பார்த்தால்தான் குறையும். நீலகிரியில் பள்ளி நடத்துகிறவர்களுக்கு இதை ஒரு அம்மா எழுதித் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

தூக்கத்துக்கு வருவோம். 6.40-க்குப் பேருந்து என்றால் ஐந்தேகாலுக்கு எழுப்ப வேண்டும். வெந்நீர் வைத்து, உள்சட்டை, ஸ்வெட்டர், குல்லா எல்லாம் மாட்டி, இரண்டு வாய் ஊட்டி நிறுத்தத்துக்குக் கொண்டுபோக அவ்வளவு நேரம் பிடிக்கும். மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம், ஆறு வயதிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் வகுத்தது. அப்படியானால் என் மகள் இரவு ஏழேகாலுக்குத் தூங்கிவிட வேண்டும். வீட்டுக்கு வருவதே ஐந்தரைக்கு. நடுவில் இருக்கும் நேரத்துக்குள் குளியல், சாப்பாடு, நீங்கள் கொடுத்தனுப்பும் இரண்டு பக்க எழுத்து வேலை. விளையாட்டு எங்கே? அப்பா தேயிலைத் தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையை ஒரே நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசைய விடாமல் உட்காரவைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. உங்கள் எல்கேஜிப் பிள்ளைகள் அந்த வயதுக்காரர்கள்தான்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது. நாளுக்கு நான்கு மணி நேரம். எங்கள் பிள்ளைகள் பேருந்தில் இருக்கப்போவது நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். நீங்கள் அதைப் பள்ளிக்கு வெளியே நடக்கிற விஷயமாகப் பார்க்கிறீர்கள். குழந்தைக்கோ பேருந்துக் கதவு மூடியதுமே பள்ளி தொடங்கிவிடுகிறது. கட்டணமும் நீங்கள்தான் வாங்குகிறீர்கள், பேருந்தின் மேல் உங்கள் பெயர்தான் எழுதியிருக்கிறது.

மழையைப் பற்றி யாராவது யோசித்தீர்களா என்பது எனக்குப் பெரிய சந்தேகம். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது கோத்தகிரியில் வெறும் சாரல்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும்போது அடி வாங்குவது கோத்தகிரியும் குன்னூரும். அதனால்தான் கனமழைக்குக் கலெக்டர் சில நாட்களில் மாவட்டம் முழுவதற்கும் இல்லாமல் தாலுகா வாரியாக விடுமுறை விடுகிறார். கோத்தகிரி தாலுகாவுக்கு விடுமுறை, ஊட்டியில் உங்கள் பள்ளி திறந்திருக்கும் என்றால் என் மகள் வர வேண்டுமா, வேண்டாமா? வராவிட்டால் ஆப்சென்ட்டா? ஊட்டிக்கு விடுமுறை என்ற அறிவிப்பு காலை ஏழு மணிக்கு வந்தால், அதற்குள் ஏறிவிட்ட பிள்ளைகளைப் பேருந்து எங்கே திருப்பும்? 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். அன்று ரோடு அறுந்து, ஊருக்கு ஊர் தனித்தீவாகிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் எல்லா ஹட்டியிலும் இருக்கிறார்கள். கட்டபெட்டுக்கு இந்தப் பக்கம் மண் சரிந்தால் நாங்கள் இங்கேயும் பிள்ளைகள் அங்கேயும் நிற்போம். அன்றிரவு அவர்கள் எங்கே படுப்பார்கள், யார் சோறு போடுவார்கள்? உங்கள் சுற்றறிக்கையில் இதற்கு ஒரு வரி இல்லை.

மழை இல்லாத மாதங்களில் இருட்டு. ஜனவரியில் இங்கே சூரியன் எழவே 6.45 ஆகிவிடும். நிறுத்தத்தில் நாங்கள் நிற்பது அதற்கும் முன்னால். தேயிலைத் தோட்டத்துக்குள்ளிருந்து காட்டுமாடு ரோட்டுக்கு வருவதும், கோயில் எண்ணெயைத் தேடி ஊருக்குள் வந்த கரடி விடியும்போது திரும்பிப் போவதும் கோத்தகிரிக்காரர்களுக்குப் புதிதில்லை. பெரியவர்கள் டார்ச்சும் தகர டப்பாவுமாகப் போவோம். ஒவ்வொரு நாளும் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு அப்படிப் போக எனக்கு மனசில்லை. சீசனில் ஊட்டி எப்படி அடைபடும் என்பதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வாங்க வேண்டும் என்று உயர் நீதிமன்றமே உத்தரவு போடும் அளவுக்கு நெரிசல் இருக்கிற ஊர் அது. பூஜை விடுமுறையை ஒட்டிய நாட்களில் சாயங்காலப் பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று உங்கள் டிரைவர் அண்ணனைக் கேளுங்கள். சிரிப்பார்.

'எல்லாம் பழகிடும்' என்கிறீர்கள். சில பெற்றோரும் அதையே சொல்கிறார்கள், பெரிய பள்ளி என்றால் கொஞ்சம் கஷ்டப்படத்தான் வேண்டும் என்று. பிள்ளைகள் பழகத்தான் செய்வார்கள், அதை நான் மறுக்கவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருக்க என் மகள் சில வாரத்திலேயே பழகிவிட்டாளே. எட்டாம் வகுப்புப் பையன் பேருந்தில் நண்பர்களோடு அரட்டை அடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் போய்வரலாம். போகட்டும், அவனுக்கு ஆய்வகமும் மைதானமும் தேவை. ஐந்து வயதில் கற்க வேண்டியது மணலிலும் களிமண்ணிலும் கதையிலும் இருக்கிறது. அதற்கு ஊட்டிவரை போக வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. பசுந்தேயிலை விலை இருக்கிற இருப்பில் பல குடும்பங்கள் கோவை, திருப்பூர் என்று இறங்கிவிட்டன. வகுப்பில் தலைகள் குறைகின்றன. கோத்தகிரிக்கு ஆசிரியர் கிடைப்பதும் சிரமம். இரண்டு கட்டடத்துக்கு வாடகை, இரண்டு இடத்தில் அலுவலகம் என்றால் செலவு கூடத்தான் செய்யும். ஆனால் அந்தச் செலவை எங்கள் பிள்ளைகளின் தூக்கத்திலிருந்து கழிப்பதுதான் உங்களுக்குத் தோன்றிய முதல் வழி என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டாம் வகுப்பு வரை இங்கேயே வைத்துக்கொண்டு, மூன்றாம் வகுப்பிலிருந்து அங்கே மாற்றினால் என்ன என்று எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீர்களா? கூடுதல் கட்டணம் கொஞ்சம் தரவும் நாங்கள் சிலர் தயார். பேருந்துக்குக் கட்டப்போகும் பணத்தில் பாதி இருந்தாலே போதும் என்றுதான் தோன்றுகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் உங்களிடம் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றி யாரும் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. அந்த இடம் அவர்களுக்குக் கிடைத்ததே வீடு பள்ளிக்குப் பக்கத்தில் இருந்ததால்தான். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வரும் குழந்தைகள் அவர்கள். ஊட்டிப் பேருந்துக் கட்டணத்தை அவர்கள் அப்பா அம்மா எப்படிக் கட்டுவார்கள்? கோத்தகிரிக் கட்டடத்தை மூடினால் அந்த ஒதுக்கீட்டையே மூடியதாக ஆகும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று இந்த மாநிலத்தின் விதிகள் சொல்கின்றன. அது அரசுக்கான கடமை, உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது என்பது தெரியும். ஆனாலும் இந்த வயதில் எவ்வளவு தூரம் தகும் என்பதற்கு அதில் ஓர் அளவு இருக்கிறது. நீங்கள் கேட்பது அதைப்போல் முப்பது மடங்கு.

எங்கள் கோரிக்கை இதுதான். எல்கேஜி முதல் இரண்டாம் வகுப்பு வரை கோத்தகிரியிலேயே தொடர வேண்டும். குறைந்தது, இப்போது உங்களிடம் படிக்கும் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை. ஆள் குறைவு என்றால் இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்காரவையுங்கள், அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

அது முடியவே முடியாது என்று நிர்வாகம் எழுத்தில் காரணத்தோடு சொன்னால், எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனி வேன் வேண்டும். ஊர் ஊராகச் சுற்றும் பெரிய பேருந்தில் அவர்களை ஏற்றக் கூடாது. முதல் பிள்ளை ஏறுவதிலிருந்து இறங்குவதுவரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, காலை 7.30-க்கு முன்னால் எந்த நிறுத்தத்துக்கும் வண்டி வரக் கூடாது. அதற்கு ஏற்றபடி சின்ன வகுப்புகளைத் தாமதமாகத் தொடங்குங்கள். போகும்போதும் வரும்போதும் கட்டபெட்டில் சுத்தமான கழிப்பறையோடு ஒரு நிறுத்தம், வண்டிக்கு இரண்டு ஆயாம்மா, பிள்ளை வெளியே பார்க்கும் உயரத்தில் இருக்கை. டிவி வேண்டாம். ஊட்டி, கோத்தகிரி இரண்டில் எந்தத் தாலுகாவுக்கு விடுமுறை விட்டாலும் எங்கள் பிள்ளைகளுக்கு விடுமுறை என்று எழுதித் தாருங்கள். ரோடு அடைபட்டால் பிள்ளைகளை எங்கே தங்கவைப்பீர்கள், யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே சேருங்கள். 25 சதவீதப் பிள்ளைகளிடம் பேருந்துக் கட்டணம் வாங்கக் கூடாது.

2012-இல் தாம்பரம் அருகே பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்று சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. பள்ளி அளவில் போக்குவரத்துக் குழு இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்தக் குழுவில் கோத்தகிரிப் பெற்றோர் இருவரைச் சேருங்கள். பழக்க ஓட்டம் நடந்த நாட்களின் ஜிபிஎஸ் நேரங்களை அந்தக் குழுவிடம் கொடுங்கள். 45 நிமிடம் என்ற வரியைத் திருத்தி மறு சுற்றறிக்கை அனுப்புங்கள், புதிதாகச் சேர்க்க வரும் பெற்றோர் அதை நம்பிவிடக் கூடாது.

இதில் எதுவும் நடக்காது என்றால், விலகுகிறவர்களுக்கு அடுத்த ஆண்டுக்கென்று முன்கூட்டி வாங்கிய பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள், டிசியைக் கேட்ட அன்றே தாருங்கள். பதில் மே 15-க்குள் பள்ளியின் முத்திரையோடு எழுத்தில் வர வேண்டும், வாட்ஸ்அப்பில் வேண்டாம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வேறு இடம் தேட எங்களுக்கு அந்த இரண்டு வாரமாவது தேவை.

இப்படிக்கு,
யூகேஜி மாணவி ஒருத்தியின் தாய்,
கோத்தகிரி